பட்டாளத்துப் பொத்தான் சொல்லும் கதை: பழைய பிரிட்டிஷ் ரெஜிமெண்ட் பேட்ஜ், பொத்தான், தொப்பிகளைச் சேர்க்கவும் ஆராயவும் முழுமையான வழிகாட்டி

ஏறக்குறைய ஐந்து ரூபாய் நாணய அளவு. சாம்பல் நிறம். முகப்பில் 69 என்ற எண், அதைச் சுற்றி மழுங்கிப்போன ஓர் ஓரவேலைப்பாடு. பின்பக்கம் துருப்பிடித்த இரும்புக் கம்பி வளையம், அதில் பாதி உடைந்துவிட்டது. பர்மிங்காமில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், திருகாணிகளும் பழைய சாவிகளும் கிடந்த தட்டில் இருந்து நான்கு பவுண்டுக்கு எடுத்தேன். என் சொந்த ஊர் வேலூர். 1806 ஜூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது அங்கே காவலில் இருந்த பிரிட்டிஷ் பட்டாளம் 69-வது ரெஜிமெண்ட். அந்த எண்ணைப் பார்த்ததும் கை நடுங்கியது.

நான் சேகரிக்கத் தொடங்கியது அப்படித்தான். பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஊரில் இருக்கும் தம்பியிடம் போனில் சொன்னபோது, “ஏண்ணா, நம்ம ஊர்க்காரங்களச் சுட்டவன் சட்டைப் பொத்தானையா காசு குடுத்து வாங்குற?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. நடந்ததற்கு இந்தப் பொருள்களும் சாட்சி, யாராவது அவற்றை ஒழுங்காகப் படித்து வைக்க வேண்டும் என்று அன்று சொன்னேன். இன்றும் அதே பதில்தான். அந்தப் படிப்பைப் படிப்படியாகச் சொல்லித் தரத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு வேலி போடுங்கள்

பிரிட்டிஷ் படையில் நூற்றுக்கும் மேற்பட்ட காலாட்படை ரெஜிமெண்டுகள் இருந்தன. அப்புறம் குதிரைப்படை, பீரங்கிப்படை, உள்ளூர்த் தொண்டர் படைகள், காலனிப் படைகள். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு வடிவம். எல்லாவற்றையும் சேர்க்கக் கிளம்பினால் வீடும் போதாது, ஆயுளும் போதாது. ஒரு ரெஜிமெண்ட், அல்லது ஒரு கருப்பொருள், அல்லது ஒரு காலம் என்று எல்லை வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்களுக்கு நல்ல கருப்பொருள் ஒன்று உண்டு: இந்தியாவில் பணியாற்றியதற்காகப் புலியும் யானையும் சின்னமாகப் பெற்ற ரெஜிமெண்டுகள். லெஸ்டர்ஷையர் பட்டாளத்தின் புலி, ஹாம்ப்ஷையரின் புலி, யார்க் அண்ட் லங்காஸ்டரின் புலியும் ரோஜாவும், ‘அஸ்ஸே’ என்ற போர்ப்பெயரோடு வரும் யானை. டார்செட் ரெஜிமெண்டின் பேட்ஜில் ‘பிரைமஸ் இன் இண்டிஸ்’ என்று லத்தீனில் இருக்கும். ‘இந்தியாவில் முதலாவது’ என்று பொருள். அதன் முன்னோடியான 39-வது ரெஜிமெண்ட் 1754-ல் சென்னைக்கு வந்து இறங்கியது. பிரிட்டிஷ் அரசின் நேரடிப் படைகளில் இந்தியாவுக்கு வந்த முதல் ரெஜிமெண்ட் அதுதான். ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் பேட்ஜில் தீப்பிழம்போடு ஒரு கையெறிகுண்டு, அதன் உருண்டையில் புலியும் யானையும். அயர்லாந்துப் பட்டாளத்துக்கு ஏன் யானை? கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் ஐரோப்பியப் படையிலிருந்து வந்த 102-வது ரெஜிமெண்டும் பம்பாயிலிருந்து வந்த 103-வதும் 1881-ல் இணைந்துதான் அது பிறந்தது. டப்ளினின் பெயரைச் சுமந்தாலும் அதன் ஒரு வேர் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில்.

ஆண்டுகளை மனப்பாடம் செய்யுங்கள்

இந்தத் துறையில் ஐந்தாறு ஆண்டுகள் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் அதை இந்த ஆண்டுகளுக்கு நடுவே பொருத்திப் பார்ப்பதுதான் அடிப்படை ஆராய்ச்சி.

1767: காலாட்படைப் பொத்தான்களில் ரெஜிமெண்ட் எண் இருக்க வேண்டும் என்று ஆணை வந்தது. எண் போட்ட பொத்தான் எதுவும் அதற்குப் பின் செய்ததே.

1855: சாதாரணச் சிப்பாயின் பொத்தான் அதுவரை பியூட்டர் என்ற வெள்ளீயக் கலவை. இந்த ஆண்டில் பித்தளைக்கு மாறியது. அதிகாரிகளுக்கு முன்பிருந்தே வெள்ளி அல்லது தங்க முலாம்.

1871: காலாட்படைச் சிப்பாய்களின் பொத்தான்களிலிருந்து எண் போய், அரச முத்திரை தாங்கிய பொதுப் பொத்தான் வந்தது. அதிகாரிகள் மட்டும் ரெஜிமெண்ட் பொத்தானைத் தொடர்ந்தார்கள். சந்தைகளில் கிலோக் கணக்கில் கிடக்கும் சிங்கமும் ஒற்றைக்கொம்பனும் போட்ட பித்தளைப் பொத்தான் இதுதான். ஆராய அதில் அதிகம் இல்லை.

1881: பெரிய கோடு. சில்டர்ஸ் என்ற போர்த்துறை அமைச்சர் கொண்டுவந்த சீர்திருத்தத்தில் ஜூலை 1 முதல் எண்கள் ஒழிந்தன. பல ரெஜிமெண்டுகளை இரண்டிரண்டாகச் சேர்த்து மாவட்டப் பெயர்கள் வைத்தார்கள். என் 69-வதும் 41-வதும் சேர்ந்து வெல்ஷ் ரெஜிமெண்ட் ஆயின. கிளென்கேரி என்ற படகு வடிவத் தொப்பியில் எண் பொறித்த பேட்ஜ் இருந்தால், அது 1874-க்கும் 1881-க்கும் இடைப்பட்ட ஏழே ஆண்டுகளுக்குரியது. அதனால்தான் அவற்றுக்கு அவ்வளவு கிராக்கி, அதனால்தான் அவ்வளவு போலி.

1901, 1953: கிரீடம் மாறிய காலங்கள். விக்டோரியாவின் கிரீடம் குறுகலாக, உச்சி சற்றே தாழ்ந்திருக்கும். அவர் 1901-ல் இறந்த பிறகு வந்த அரசர் கிரீடத்தின் வளைவுகள் கூடாரம்போலக் குவிந்து எழும். 1952-ல் எலிசபெத் அரியணை ஏறி, அடுத்த ஆண்டு முடிசூடியதை ஒட்டி வந்த கிரீடத்தில் வளைவுகள் அகன்று நடுவில் பள்ளமாக இறங்கும். இந்த மூன்றையும் கண்ணை மூடினாலும் தெரியும் அளவுக்குப் பழகுங்கள். ஓர் எச்சரிக்கை: சார்லஸ் மன்னர் 2022-ல் மறுபடியும் குவிந்த வடிவத்தையே தேர்ந்தெடுத்தார். ஆகவே குவிந்த கிரீடம் என்றாலே பழசு என்று இனிமேல் சொல்ல முடியாது.

1916: முதல் உலகப் போரின் நடுவே நிக்கலை மிச்சப்படுத்த, இரண்டு உலோகத்தில் செய்த பேட்ஜ்களை முழுப் பித்தளையில் அடித்தார்கள். இரண்டாம் போரில் இன்னும் ஒரு படி போய் பிளாஸ்டிக்கிலேயே செய்தார்கள். 1950களில் அனோடைஸ் செய்த அலுமினியம் வந்தது. மெருகு போடத் தேவையில்லை என்று சிப்பாய்களுக்கு நிம்மதி, சேகரிப்பவர்களுக்கு அதில் அவ்வளவு ருசியில்லை.

இவற்றோடு ரெஜிமெண்டின் சொந்த ஆண்டுகளும் உண்டு. வெல்ஷ் ரெஜிமெண்ட் 1920-ல் தன் பெயரின் எழுத்தை மாற்றிக்கொண்டது. பேட்ஜின் அடிப்பட்டையில் கடைசி இரண்டு எழுத்துகள் எஸ், எச் என்று இருந்தால் முந்தையது, சி, எச் என்றால் பிந்தையது. ஒரே ஓர் எழுத்து. நார்ஃபோக் ரெஜிமெண்டுக்கு ‘ராயல்’ பட்டம் 1935-ல், ஹாம்ப்ஷையர், லெஸ்டர்ஷையர், லிங்கன்ஷையர் மூன்றுக்கும் 1946-ல். கனாட் ரேஞ்சர்ஸ், டப்ளின் ஃபியூசிலியர்ஸ் உட்பட ஐந்து தென் அயர்லாந்து ரெஜிமெண்டுகள் 1922-ல் கலைக்கப்பட்டன. எலிசபெத் கிரீடத்தோடு ஒரு கனாட் ரேஞ்சர்ஸ் பேட்ஜை யாராவது நீட்டினால், அப்படி ஒன்று இருந்திருக்கவே முடியாது. மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பேட்ஜைத் திருப்புங்கள்

கடையில் எல்லாரும் முகப்பைப் பார்ப்பார்கள். நீங்கள் முதுகைப் பாருங்கள். இந்தத் தொழிலில் பழுத்தவர்கள் பேட்ஜை எடுத்த அடுத்த நொடி திருப்பிவிடுவார்கள். முகப்பை அப்புறம்தான் பார்ப்பார்கள்.

நல்ல பேட்ஜ் என்பது தகட்டை இரண்டு எஃகு அச்சுகளுக்கு நடுவே வைத்து அடித்தது. முன்பக்கம் மேடாக இருக்கும் இடமெல்லாம் பின்பக்கம் பள்ளமாக, கண்ணாடியில் பார்ப்பதுபோல் நுணுக்கமாக இருக்கும். புலியின் விலா எலும்பு முன்னால் தெரிந்தால் பின்னாலும் தெரிய வேண்டும். வார்ப்புப் போலியில் பின்பக்கம் மொழுக்கென்று, மணல் தூவினாற்போல் சிறு குழிகளோடு இருக்கும். எடை அதிகம். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் அசலைவிட அரை மில்லிமீட்டரோ அதற்கு மேலோ சிறுத்திருக்கும். எனவே காலிப்பர் என்ற நுண்ணளவுக் கருவி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பூதக்கண்ணாடி பத்து மடங்கு போதும்.

அப்புறம் இடைவெளிகள். எழுத்துப் பட்டைக்கும் விலங்கின் காலுக்கும் நடுவே வெட்டி எடுத்த ஓட்டைகளின் உள்விளிம்பைப் பாருங்கள். அச்சில் வெட்டிய விளிம்பு நேராக, ஒரே திசையில் கீறலோடு இருக்கும். போலியில் அரம் போட்டுத் தேய்த்த தடம் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும், அல்லது ஓட்டையே அடைபட்டிருக்கும்.

பொருத்தும் விதமும் காலம் சொல்லும். விக்டோரியா காலத்தில் பெரும்பாலும் பின்னால் இரண்டு செம்புக் கம்பி வளையங்கள் இருக்கும், அவற்றுக்குள் காட்டர் பின் என்ற கம்பி ஊசி ஒன்று போகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்லைடர் பரவியது. தொப்பித் துணியில் செருகும் நீண்ட தகட்டு நாக்கு அது. வளையம் பிடுங்கி ஸ்லைடர் ஒட்டிய பேட்ஜ்களும், அதன் மறுதலையும் உண்டு. பழைய பற்றவைப்பின் வட்டத் தழும்பு மறையாது. தழும்பு இருந்தால் பொருள் போலி என்றில்லை. ஒரு சிப்பாயோ தையல்காரரோ அந்தக் காலத்திலேயே மாற்றியிருக்கலாம். விலையில் மட்டும் அது தெரிய வேண்டும்.

போலியைவிடத் தொல்லை தருவது மறுஅச்சு. பழைய அச்சு தொழிற்சாலையிலேயே இருக்கும், பிற்காலத்தில் சேகரிப்பவர்களுக்கென்று அதே அச்சில் மறுபடி அடிப்பார்கள். முகப்பு அசலேதான். ஆனால் உலோகம் மெல்லிசு, விளிம்பு கூர், தேய்மானம் சுத்தமாக இல்லை, ஸ்லைடர் தகரம்போல் பளபளக்கும். தயாரிப்பாளர் பெயர் இருந்தால் அசல் என்று நம்பிவிடக் கூடாது. பர்மிங்காமின் ஜே. ஆர். காண்ட் பெயர் பிற்கால மறுஅச்சுகளிலும் காணப்படுகிறது. அதிகாரிகளின் வெள்ளிப் பேட்ஜ்களில் ஹால்மார்க் இருந்தால் ஆண்டே கிடைத்துவிடும்: நங்கூரம் பர்மிங்காம் சோதனைச் சாலையின் குறி, பக்கத்து எழுத்து ஆண்டைச் சொல்லும். அந்த நங்கூரம் குத்தும் சோதனைச் சாலையும் பேட்ஜும் பொத்தானும் அடித்த பட்டறைகளும் நான் வேலைக்குப் போகும் வழியில்தான் வரிசையாக இருந்தன. ஒரு நகரத்தின் நகைக்கடைத் தெருக்கள் ஒரு பேரரசின் தொப்பிகளுக்கெல்லாம் சின்னம் அடித்தன என்பது இன்னமும் எனக்கு வியப்புத்தான்.

ஒரு பேட்ஜ் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். குளோஸ்டர்ஷையர் ரெஜிமெண்ட் தொப்பியின் முன்னால் ஒன்று, பின்னால் சிறிதாக ஒன்று என இரண்டு சின்னம் அணிந்தது. 1801 மார்ச் 21 அன்று எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவில் முன்னும் பின்னும் எதிரி வளைத்தபோது, பின்வரிசை திரும்பி நின்று முதுகோடு முதுகு சேர்ந்து போரிட்டதன் நினைவு அது. பெரிய பேட்ஜில் மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட ஸ்ஃபிங்ஸ் உருவம். கட்டைவிரல் நக அளவுள்ள அந்தப் பின் பேட்ஜைத் தொலைத்துவிட்டு முன் பேட்ஜை மட்டும் விற்பவர்களே அதிகம். இரண்டையும் ஜோடியாகத் தேடுங்கள்.

பொத்தான்: சிறியது, ஆனால் வாயாடி

தொடங்குகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது பொத்தானைத்தான். விலை குறைவு, இடம் குறைவு, தகவலோ ஏராளம். வியாபாரிகள் அளவை ‘லைன்’ கணக்கில் சொல்வார்கள். 40 லைன் ஓர் அங்குலம். மேல்கோட்டுக்குப் பெரியது, கைப்பகுதிக்கும் தொப்பிக்கும் சிறியது.

பின்பக்கத்தைப் பாருங்கள். பதினெட்டாம் நூற்றாண்டு அதிகாரிப் பொத்தானில் எலும்பு அல்லது மரத் தட்டின்மேல் மெல்லிய வெள்ளித் தகடு போர்த்தியிருக்கும். நாலு ஓட்டை வழியே நரம்பு போட்டுத் தைப்பார்கள். அப்புறம் ஒரே தகட்டில் தட்டையான பொத்தான். 1813-ல் பர்மிங்காமில் பெஞ்சமின் சாண்டர்ஸ் இரண்டு தகடுகளை விளிம்பில் மடித்துப் பூட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் உப்பலான, உள்ளே வெறுமையான பொத்தான்கள் பரவின. பின்தகட்டில் தயாரிப்பாளர் பெயரும் பல நேரம் முகவரியும் வட்டமாக ஓடும். லண்டனின் ஃபிர்மின் நிறுவனம் பலமுறை முகவரி மாறியிருக்கிறது. எந்தத் தெரு எண்ணில் எந்த ஆண்டுகளில் இருந்தார்கள் என்று சேகரிப்பவர்கள் பட்டியலே போட்டு வைத்திருக்கிறார்கள். முகப்பு நாற்பது ஆண்டு மாறாமல் இருந்தாலும் முதுகிலுள்ள முகவரி அதைப் பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் சுருக்கித் தரும்.

தொப்பியும் தலைக்கவசமும்

இது பணக்காரத் துறை, பொறுமையும் அதிகம் வேண்டும். வாட்டர்லூ காலத்து ஷாகோ என்ற உயரமான உருளைத் தொப்பியின் தகடு என்று யாராவது காட்டினால், அருங்காட்சியகத்துக்காரர் ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை பர்ஸைத் திறக்காதீர்கள். ஷாகோவின் வடிவம் 1800 முதல் 1869 வரை பலமுறை மாறி, 1878-ல் நீலத் துணி போர்த்த கூர்முனைக் கவசம் வந்தது. பீரங்கிப்படை போன்ற சில படைகள் கூர்முனைக்குப் பதில் உருண்டை வைத்துக்கொண்டன. அந்தக் கவசத்தின் நட்சத்திரத் தகடு 1881 வரை எண்ணோடும், பின்னர் ரெஜிமெண்ட் சின்னத்தோடும் இருக்கும். சிப்பாய்களின் தகட்டில் நடுவட்டம் தனியாகக் கழன்றுவரும். அந்த நடுவட்டங்கள் மட்டும் கிடைக்கும், தொடங்குகிறவர்களுக்கு அவை நல்ல சேகரிப்பு.

முழுக் கவசத்தை வாங்கும்போது நான் செய்வது இது. தகட்டைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேட்பேன். நூறாண்டு ஒரே தகடு ஒரே இடத்தில் இருந்தால் அதன் நிழல் துணியில் விழுந்திருக்கும். சுற்றிலும் நீலம் வெளுத்து, தகட்டுக்கு அடியில் மட்டும் புத்தம்புதுக் கருநீலம். அந்தக் கருநீலத்தின் ஓரம் தகட்டின் நட்சத்திரக் கூர்களோடு ஒட்டிப்போக வேண்டும். ஒருமுறை ஒரு கவசத்தில் எட்டுக் கூர் நட்சத்திரத்துக்கு அடியில் வட்டமான நிழல் இருந்தது, கூடவே உபரியாக இரண்டு ஓட்டை. விற்றவர் நல்ல மனிதர், அவருக்கே தெரிந்திருக்கவில்லை. உள்ளே வியர்வைப் பட்டையை மெல்ல நிமிர்த்தினால் தையல்காரர் முத்திரை, அளவு, சில சமயம் மையில் எழுதிய பெயர்கூடக் கிடைக்கும்.

வெப்பநாட்டு வெள்ளைக் கவசங்களில் நமக்கு ஒரு சொந்தம் இருக்கிறது. சோலா தொப்பி என்று சொல்வது நெட்டியில் செய்தது. தஞ்சாவூரில் பெரிய கோயிலையும் தேரையும் செதுக்குகிறார்களே, அதே நெட்டி. பிற்காலத்தில் வந்த வுல்ஸ்லி என்ற வகைக் கவசத்தின் உடல் பெரும்பாலும் கார்க். கையில் எடுத்தால் வித்தியாசம் தெரியும்: நெட்டி காற்றுபோல லேசு, ஓரத்தில் விரலால் அழுத்தினால் பொடியும். கார்க் கனமாக, இறுகி நிற்கும்.

1915-ல் ஜான் பிராடி காப்புரிமை பெற்ற எஃகுக் கவசம் தனிச் சேகரிப்பாகவே வளரக்கூடியது. முதல் வகையில் விளிம்பு வெட்டிய தகடாகவே இருக்கும், 1916 முதல் தனி வளையம் பொருத்தினார்கள். விளிம்புக்கு அடியில் குத்திய எழுத்துகள் எஃகு யாருடையது என்று சொல்லும். இரண்டாம் போரின் கவசங்களில் ஆண்டே குத்தியிருக்கும், தேடிப் பாருங்கள்.

தொப்பி என்றால் வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்களுக்கு வேலூரைத்தான் சொல்வேன். 1806 எழுச்சிக்குத் தீ மூட்டியதில் ஒன்று, ஐரோப்பியத் தொப்பியின் சாயலில் தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையும், நெற்றிக்குறியும் தாடியும் கூடாது என்ற ஆணையும். தலையில் எதை வைப்பது என்பதற்காக மனிதர்கள் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள்.

எங்கே வாங்குவது

சந்தை, ஏலம், ராணுவப் பொருள் கண்காட்சி, இணையம். நான் வரிசைப்படுத்துவது இப்படித்தான். கையில் எடுத்துப் பார்க்க முடிகிற இடம் முதலில், படம் மட்டும் பார்க்கிற இடம் கடைசியில். இணையத்தில் வாங்கினால் பின்பக்கப் படம் கேளுங்கள். தர மறுத்தால் வேண்டாம். பட்டியல்களில் ‘கேகே’ என்று தொடங்கும் எண்ணைப் பார்ப்பீர்கள். கிப்ளிங், கிங் என்ற இருவர் 1970களில் இரண்டு பாகமாகத் தொகுத்த பேட்ஜ் பட்டியலின் எண் அது. அந்த எண் வடிவத்தைச் சொல்கிறதே தவிர, விற்பவரின் பொருள் அசல் என்பதைச் சொல்வதில்லை.

தொடங்கியவுடன் தொடக்கூடாதவை: எஸ்.ஏ.எஸ். போன்ற சிறப்புப் படைகளின் போர்க்காலப் பேட்ஜ், 1914-ல் லிவர்பூல் ‘பால்ஸ்’ (நண்பர்களாகச் சேர்ந்த தொண்டர்) படையினருக்கு டார்பி பிரபு வழங்கிய வெள்ளிப் பேட்ஜ், எண் பொறித்த கிளென்கேரிப் பேட்ஜ். மூன்றிலும் போலி கொட்டிக் கிடக்கிறது. முதல் ஆண்டு முழுக்க மலிவான, சர்வசாதாரணமான முதல் உலகப் போர்ப் பேட்ஜ்களையே வாங்குங்கள். அசல் எப்படி இருக்கும் என்று விரல் கற்றுக்கொள்ளும்.

ஆராய்ச்சி: பொருளிலிருந்து மனிதர் வரை

வாங்கிய அன்றே ஒரு அட்டை எழுதுங்கள். அளவு, எடை, உலோகம், பின்பக்க விவரம், எங்கே, எவ்வளவு, விற்றவர் சொன்ன கதை. கதையை அவர் சொன்னது என்று குறிப்பிட்டே எழுதுங்கள், உண்மை என்று எழுதாதீர்கள். படம் எடுக்கும்போது ஜன்னலோரம் பொருளைச் சாய்த்து வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள். தேய்ந்த எழுத்து எழுந்து வரும்.

அடுத்து எண்ணை அல்லது சின்னத்தை வைத்து ரெஜிமெண்டைக் கண்டுபிடியுங்கள். 1881-க்கு முன், பின் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு மேலே சொன்ன ஆண்டுகளால் காலத்தைச் சுருக்குங்கள். அந்தக் காலத்தில் ரெஜிமெண்ட் எங்கே இருந்தது என்பதற்கு ரெஜிமெண்ட் வரலாறுகளும் ஆண்டுதோறும் வந்த ராணுவப் பட்டியல்களும் உதவும். பழைய ராணுவப் பட்டியல்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதிகாரிகளின் நியமனமும் பதவி உயர்வும் லண்டன் கெசட் என்ற அரசிதழில் கிடைக்கும், அதுவும் இலவசம்.

மனிதர்களைத் தேட லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகம். அங்கே ‘டபிள்யூ.ஓ. 12’ என்ற வரிசையில் பழைய ஆஜர்ப் பட்டியல்கள் இருக்கின்றன. எந்தச் சிப்பாய் எங்கே இருந்தான், எவ்வளவு சம்பளம், மருத்துவமனையிலா, இறந்தானா என்பது வரை. ‘டபிள்யூ.ஓ. 97’ ஓய்வூதியம் பெற்று வெளியேறியவர்களின் தாள்கள். முதல் உலகப் போர்ச் சிப்பாய்களைத் தேடுபவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: 1940 செப்டம்பரில் குண்டுவீச்சில் அந்த ஆவணங்களில் பெரும்பகுதி எரிந்துபோனது. உங்கள் ஆள் கிடைக்கவில்லை என்றால் அவர் இல்லை என்று பொருளில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிப் படை என்றால் கியூ போக வேண்டாம், பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய ஆவணப் பிரிவுக்குப் போங்கள்.

ரெஜிமெண்ட் அருங்காட்சியகங்களை விட்டுவிடாதீர்கள். டார்செஸ்டரில் ‘தி கீப்’, குளோஸ்டர் துறைமுகத்தில் ஒன்று, கார்டிஃப் கோட்டைக்குள் வெல்ஷ் படைகளுக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே செல்சியில் தேசிய ராணுவ அருங்காட்சியகம். தெளிவான படங்கள், அளவு, ஒரே ஒரு கேள்வி என்று கடிதம் எழுதினால் பெரும்பாலும் பதில் வரும். ‘இதைப் பற்றி எல்லாம் சொல்லுங்கள்’ என்று எழுதினால் வராது. சென்னையில் இருப்பவர்கள் செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் இருந்தே தொடங்கலாம்.

தேய்க்காதீர்கள்

பாத்திரம் தேய்ப்பதுபோல் புளி போட்டோ மெருகுப் பசை போட்டோ தேய்த்தால் முலாமும் போகும், நூறாண்டுப் பழுப்பும் போகும், விலையும் போகும். காய்ச்சி வடித்த நீரில் மெல்லிய பிரஷ், உடனே நன்றாக உலர்த்தல், அவ்வளவுதான். பச்சைக் களிம்பு இருந்தால் மூங்கில் குச்சியால் மெல்லச் சுரண்டுங்கள். ஓக் மரப் பெட்டியும் பி.வி.சி. உறையும் வேண்டாம், இரண்டும் உலோகத்தை அரிக்கும் ஆவி விடும். நம் ஊர் ஈரத்துக்கு சிலிக்கா ஜெல் பொட்டலம் கட்டாயம், மழைக்காலத்தில் அடிக்கடி மாற்றுங்கள். துணித் தொப்பிக்குள் அமிலமில்லாத காகிதத்தை உருட்டி வைத்து வடிவத்தைக் காப்பாற்றுங்கள். கம்பளியை அந்துப்பூச்சி தின்னும், மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் பிரித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் பேட்ஜ் இருக்கும் பெட்டியில் பாச்சை உருண்டை போடாதீர்கள்.

சட்டம்

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட இத்தகைய பொருள் தொல்பொருளாகலாம். அப்படிப்பட்டதைத் தனிநபர் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. ஊருக்குப் போனபோது ஒரு பழைய இரும்புக்கடையில் கம்பெனிப் பொத்தான் ஒன்று பார்த்தேன். ஆசையாக இருந்தது, ஆனால் அதை நான் பர்மிங்காமுக்குக் கொண்டுவர முடியாது. உள்ளூர் ஆசிரியர் ஒருவர் வாங்கிப் பள்ளியில் வைத்திருக்கிறார். பாதுகாக்கப்பட்ட கோட்டைகளில் மெட்டல் டிடெக்டரோடு தோண்டுவது குற்றம். அதோடு, மண்ணிலிருந்து பிடுங்கிய பொத்தான் எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற சேதி அந்த நிமிடமே அழிந்துவிடுகிறது. கோட்டையில் கிடந்தால் தொடாமல் படம் எடுத்துத் தொல்லியல் துறையிடம் சொல்லுங்கள்.

அந்த 69

வாங்கிய வாரமே என் பொத்தானுக்கு இந்தப் படிகளையெல்லாம் போட்டுப் பார்த்தேன். எண் இருப்பதால் 1767-க்குப் பின். பியூட்டர் என்பதால் சிப்பாயுடையது, 1855-க்கு முன். இந்த எண்பத்தெட்டு ஆண்டுகளில் 69-வது ரெஜிமெண்ட் எத்தனையோ நாடுகளில் இருந்தது. அதன் இரண்டாம் பட்டாலியன் வாட்டர்லூவில்கூட நின்றது. வேலூரில் இருந்தது அதன் நான்கு கம்பெனிகள் (பட்டாளத்தின் உட்பிரிவுகள்) மட்டும். பொத்தானிலோ, விற்றவர் வாயிலோ வேலூரைக் காட்டும் ஒரு சொல்கூட இல்லை. எனக்கு அது வேலூர்ப் பொத்தானாக இருக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை. பல இரவு அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அட்டையில் பென்சிலால் எழுதியிருப்பது இவ்வளவுதான்: ‘69-வது காலாட்படை. சிப்பாய். பியூட்டர். 1767–1855. பர்மிங்காம் சந்தை, நான்கு பவுண்டு.’ கீழே இரண்டு வரி காலியாக விட்டிருக்கிறேன். அடுத்த விடுமுறையில் கியூவுக்குப் போய், 1806-ன் ஆஜர்ப் பட்டியலில் அந்த நான்கு கம்பெனிகளின் பெயர்களைப் படித்து எழுதிக்கொண்டு வர வேண்டும்.